லிட்டில் ராக் நீதிமன்றத்தில் ஓர் ஆயர்



பாஸ்கா திருவிழிப்பு இரவில் நாம் கேட்கிற முதல் வாசகம் தொடக்க நூலின் முதல் அதிகாரம். ஆறு நாள் படைப்பு, ஏழாம் நாள் ஓய்வு. ஏறக்குறைய அதே நாள்களில்தான் நம் வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் மாநில அறிவியல் பாடநூலில் உயிரின் தோற்றம், பரிணாமம் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. லாமார்க், டார்வின், புதைபடிவங்கள் எல்லாம் அதில் வரும். ஆகவே கேள்வியும் வரும். பிள்ளைகள் மறைக்கல்வி ஆசிரியரிடம், "மிஸ், இதுல எது உண்மை?" என்று கேட்கிறார்கள். பெற்றோர் நம்மிடம் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "சாமி, டார்வினைச் சொல்லிக்கொடுக்கிற அதே வகுப்புல, ஆண்டவர் உலகத்தைப் படைச்சதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தா என்ன? நம்ம பள்ளிக்கூடம்தானே?"

கேள்வியில் தவறில்லை. இதே கேள்வி அமெரிக்க நாட்டில் நூறு ஆண்டுகளாக நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கிறது. அந்த வரலாற்றில் நம் திருஅவைக்கும் ஓர் இடம் உண்டு. நம்மில் பலர் நினைக்கிற பக்கத்தில் அல்ல, எதிர்ப் பக்கத்தில்.

1925-இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில், பள்ளியில் பரிணாமத்தைக் கற்பித்தார் என்று ஜான் ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியர்மேல் வழக்குப் போட்டு, 100 டாலர் அபராதம் விதித்தார்கள். கற்பிக்கவே கூடாது என்பது அக்காலத்துச் சட்டம். ஆர்கன்சாஸ் மாநிலத்திலும் அப்படியொரு தடை இருந்தது. அது 1968-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. தடுக்க முடியாது என்று ஆனபிறகு வேறொரு வழி பிறந்தது. டார்வின் வகுப்புக்குள் வந்துவிட்டார், வெளியேற்ற முடியவில்லை. அப்படியானால் பக்கத்தில் படைப்பையும் உட்காரவைப்போம், இரண்டுக்கும் சம இடம் கொடுப்போம் என்றார்கள். 1981 மார்ச்சில் ஆர்கன்சாஸ் மாநிலம் இதையே சட்டமாக்கியது. 590-ஆம் எண் சட்டம். அரசுப் பள்ளிகளில் பரிணாமம் பற்றிப் பாடம் நடந்தால், 'படைப்பு அறிவியல்' என்று அவர்கள் பெயரிட்டதையும் சரிசமமாக நடத்த வேண்டும்.

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! இரண்டையும் சொல், பிள்ளையே முடிவெடுக்கட்டும்.

இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்கள் யார்? கடவுள் இல்லை என்று சொல்கிறவர்களாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். வழக்கின் முதல் மனுதாரர் பில் மெக்லீன், மெத்தடிஸ்ட் சபைப் போதகர். அவரோடு மெத்தடிஸ்ட் ஆயரும், எப்பிஸ்கோப்பல் ஆயரும், ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் ஆயரும், பிரஸ்பிட்டேரியன், பாப்டிஸ்ட் குருக்கள் சிலரும், யூத அமைப்புகளும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பட்டியலில் லிட்டில் ராக் மறைமாவட்டத்தின் கத்தோலிக்க ஆயர் ஆண்ட்ரூ மெக்டொனால்டு அவர்களின் பெயரும் இருந்தது. படைப்பைப் பற்றிக் கற்பிக்கச் சொல்லும் சட்டத்தை எதிர்த்து ஒரு கத்தோலிக்க ஆயர் நீதிமன்றம் போனார்! 1981 டிசம்பரில் லிட்டில் ராக் நகரில் விசாரணை நடந்தபோது, தொடக்க நூலுக்கு விளக்கவுரை எழுதிய அறிஞரும் நம் திருஅவையின் குருவுமான புரூஸ் வாட்டர் சாட்சிக் கூண்டில் ஏறினார். அவரும் சட்டத்திற்கு எதிராகவே சாட்சி சொன்னார்.

ஏன்?

அந்தச் சட்டத்தின் வாசகத்திலேயே விடை இருக்கிறது. படைப்பு அறிவியல் என்றால் என்ன என்று அது பட்டியல் போட்டது: ஒன்றுமில்லாமையிலிருந்து அண்டம் திடீரென்று படைக்கப்பட்டது, உயிரினங்கள் ஒரு வரம்புக்குள்தான் மாறும், மனிதருக்கும் குரங்குக்கும் தனித்தனி மூதாதையர், உலகம் முழுவதையும் மூழ்கடித்த வெள்ளம், பூமி மிக அண்மையில் தோன்றியது. இதைக் கேட்கிற எந்த மறைக்கல்வி மாணவரும் இது எந்தப் புத்தகம் என்று சொல்லிவிடுவார். தொடக்க நூலின் முதல் பதினோரு அதிகாரங்கள்தான் பெயர் சொல்லாமல் இங்கே நிற்கின்றன என்பதையே அருள்தந்தை வாட்டரும் எடுத்துச் சொன்னார். ஆனால் அதே சட்டம் இன்னொன்றையும் விதித்திருந்தது. வகுப்பில் சமயப் போதனை இருக்கக்கூடாது, சமய நூல்களைக் குறிப்பிடவும் கூடாது. அரசுப் பள்ளி அல்லவா? ஆக, தொடக்க நூலைக் கற்பிக்க வேண்டும், ஆனால் தொடக்க நூல் என்று சொல்லக்கூடாது. விவிலியத்தைத் திறக்கக்கூடாது.

அன்புக்குரியவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். கடவுளை அறிவியல் வகுப்புக்குள் கொண்டுவருகிறோம் என்று புறப்பட்டவர்கள், வாசலிலேயே அவருடைய பெயரைக் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. உள்ளே போனது எது? திடீரென்று ஒருமுறை ஏதோ செய்துவிட்டு நின்றுபோன ஒரு காரணம். அதற்கு முகமில்லை. அது யாரையும் அன்பு செய்வதில்லை, யாரோடும் உடன்படிக்கை செய்வதில்லை. அதை நோக்கி யாரும் செபிக்க முடியாது. நாம் ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிற தந்தையாகிய கடவுள் இவர்தானா? ஓர் ஆயர் எதிர்த்து நின்றதில் வியப்பென்ன இருக்கிறது?

இன்னொரு கண்ணியும் அந்தச் சட்டத்தில் இருந்தது. உலகில் இரண்டே இரண்டு கட்சிதான், பரிணாமம் ஒன்று, படைப்பு மற்றொன்று என்று அது வைத்துக்கொண்டது. பரிணாமத்தில் ஓர் ஓட்டை கண்டால் படைப்பு நிரூபணம் ஆகிவிடும் என்பது கணக்கு. நீதிபதி வில்லியம் ஓவர்ட்டன் 1982 ஜனவரி 5 அன்று வழங்கிய தீர்ப்பில், இந்த இருமை செயற்கையாக ஏற்படுத்தியது என்று கண்டு, சட்டத்தைச் செல்லாததாக்கினார். நீதிபதிக்கு அது தர்க்கத்தின் பிழை, அரசியல் சட்டத்தின் மீறல். மேய்ப்பர்களான நமக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பரிணாமத்திற்குச் சான்று கிடைத்தால், கடவுள் தோற்றுப்போவார்! பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்" என்று நாமே சொல்லிக்கொடுத்து வைத்திருந்தால், அந்தப் பிள்ளை இருபது வயதில் கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து மரபணுக்களைப் பார்க்கும்போது என்ன செய்யும்? நாம் சொன்னபடியே தேர்ந்துகொள்ளும். பிறகு, "காலேஜுக்குப் போனதிலிருந்து பிள்ளை கோவிலுக்கே வர்றதில்ல, சாமி" என்று வருத்தப்படுவோம். அந்தக் கதவை யார் திறந்துவைத்தது?

நம் வீடுகளில் நடக்கிற ஒன்றைச் சொன்னால் விளங்கும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்குப் பணம் புரட்ட ஒரு தாய் தாலிச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் உரைத்துப் பார்க்கிறார், தராசில் வைக்கிறார், நான்கு சவரன், இத்தனை காரட் என்று சீட்டு எழுதுகிறார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கழுத்து வெறுமையாக வீடு திரும்புகிற அந்தத் தாயிடம், அது என்ன என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் கோவிலில், யார் முன்னிலையில், யார் கையால் என்று சொல்வார். அதுவும் பொய் இல்லை. இப்போது அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு, அடகுச் சீட்டில் எடைக்குப் பக்கத்தில் அவர்களது திருமண அன்பையும் சரிசமமாக எழுத வேண்டும் என்று கடைக்காரருக்கு உத்தரவிட்டால், திருமணத்திற்கு அது மரியாதையா? தராசுக்கு அது தெரியாது. தராசைக் குறை சொல்லவும் முடியாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தராசில் தெரியவில்லை, ஆகவே திருமணம் என்று ஒன்று நடக்கவே இல்லை என்று கடைக்காரர் சொன்னால், அவரும் தம் வேலையை விட்டு வெளியே வந்துவிட்டார். டார்வின் வந்துவிட்டார், இனிக் கடவுளுக்கு வேலையில்லை என்று வகுப்பில் சொல்கிற ஆசிரியரும், அப்படியே புத்தகம் எழுதுகிற அறிஞர்களும் அந்த நேரத்தில் அறிவியல் பேசவில்லை. இதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

இதெல்லாம் திருஅவை அண்மைக் காலத்தில் நெருக்கடிக்காகக் கண்டுபிடித்த சமாளிப்பு என்று சிலர் சொல்வதுண்டு. டார்வினுக்கு 1400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புனித அகுஸ்தினார், தொடக்க நூலுக்கு எழுதிய விரிவான விளக்கத்தில், நான்காம் நாளில்தான் கதிரவன் உண்டானது என்றால் முதல் மூன்று நாள்களை எப்படி நாள் என்பது என்று மல்லுக்கட்டியிருக்கிறார். கடவுள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில், பல விதைபோல மறைந்திருந்து காலப்போக்கில் வெளிப்படும்படி படைத்தார் என்பது அவர் கண்ட வழி. வானத்தைப் பற்றியும் விண்மீன்களைப் பற்றியும் பிறசமயத்தார் நன்கு அறிந்திருக்கும்போது, ஒரு கிறிஸ்தவர் விவிலியத்தின் பெயரால் அறியாமையைப் பேசினால், கேட்கிறவர்கள் உயிர்ப்பைப் பற்றியும் நம்மை நம்பமாட்டார்களே என்று அவர் அதே நூலில் கவலைப்படுகிறார். இன்று கைப்பேசியில் சுற்றிவரும் சில காணொளிகளைப் பார்க்கும்போது அந்தக் கவலை நமக்கும் வருகிறது.

1950-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ், மனித உடல் ஏற்கெனவே இருந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்ததா என்று அறிஞர்கள் ஆராய்வதைத் திருஅவை தடுக்கவில்லை என்று எழுதினார். ஆன்மா கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்பதை விடாமல் பற்றிக்கொண்டார். 1996-இல் புனித இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் இனி வெறும் கருதுகோள் அல்ல என்றார். 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ், கடவுளை மந்திரக்கோல் பிடித்த வித்தைக்காரராக எண்ணவேண்டாம் என்று சொன்னது பலருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் இவற்றைவிட ஒரு சிறு நிகழ்ச்சி நமக்கு மிகவும் பிடித்தது. அண்டம் ஒரு புள்ளியிலிருந்து வெடித்து விரிந்தது என்ற கருத்தை முன்வைத்தவர்களில் முதன்மையானவர் பெல்ஜியம் நாட்டுக் குரு ஜார்ஜ் லெமைத்ர். 1951-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ் ஓர் உரையில், இந்தக் கண்டுபிடிப்பு தொடக்க நூலின் படைப்புக்குச் சான்று பகர்வதுபோலப் பேசினார். வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். தம் ஆய்வைத் திருத்தந்தையே புகழ்கிறார்! லெமைத்ருக்கு அது உவப்பாக இல்லை. அறிவியல் கருத்து நாளைக்கு மாறலாம், விசுவாசத்தை அதன்மேல் கட்டக்கூடாது, இரண்டும் வெவ்வேறு பாதைகள் என்பது அவர் நிலை. வத்திக்கான் வானியல் ஆய்வகத்தின் இயக்குநர் வழியாகத் தம் கருத்தைத் தெரியப்படுத்தினார். அடுத்த ஆண்டு வானியலாளர்களைச் சந்தித்தபோது திருத்தந்தை அந்த இணைப்பைத் தவிர்த்துவிட்டார். ஒரு குரு திருத்தந்தையிடம் இதைச் சொல்ல முடிந்தது, அவரும் கேட்டுக்கொண்டார்.

சரி, தொடக்க நூல் அறிவியல் பாடம் இல்லையென்றால் அது வேறு என்ன? சும்மா கதையா? பிள்ளைகள் உடனே இதைத்தான் கேட்பார்கள்.

கி.மு. 587-இல் எருசலேம் விழுந்தது. கோவில் எரிந்தது. மக்களைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். முதல் அதிகாரம் இன்றுள்ள வடிவம் பெற்றது அந்த அடிமைக் காலத்தை ஒட்டித்தான் என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. பாபிலோனியருக்கும் ஒரு படைப்புக் காவியம் இருந்தது. அதில் தெய்வங்களுக்குள் போர். கொல்லப்பட்ட ஒரு தெய்வத்தின் உடலைப் பிளந்து வானமும் பூமியும் செய்கிறார்கள். இன்னொரு தெய்வத்தைக் கொன்று, அதன் இரத்தத்திலிருந்து மனிதரைச் செய்கிறார்கள். எதற்கு? தெய்வங்கள் செய்ய வேண்டிய வேலையைச் சுமப்பதற்கு. கதிரவனும் நிலவும் அங்கே கும்பிடப்பட்ட தெய்வங்கள். அடிமைகளாக அங்கே உட்கார்ந்திருந்த நம் விசுவாச முன்னோர் என்ன சொன்னார்கள்? போரே இல்லை, ஒரே கடவுள், அவர் சொன்னார், ஆயிற்று என்றார்கள். கதிரவனையும் நிலவையும் பெயர்கூடச் சொல்லாமல் பெரிய விளக்கு, சிறிய விளக்கு என்று ஒதுக்கினார்கள். அரசருக்கு மட்டும் உரியது என்று அந்நாடுகளில் நினைத்திருந்த கடவுளின் சாயலை, ஆண், பெண் எல்லாருக்கும் உரியது என்றார்கள். ஏழாம் நாள் ஓய்வு என்றார்கள். ஓய்வே அறியாத அடிமைகளுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும்!

590-ஆம் எண் சட்டத்தின் பட்டியலில் இதில் எது இருந்தது? சாயல் இல்லை. ஓய்வு இல்லை. பூமியின் வயது மட்டும் இருந்தது, அதுவும் தவறாக.

ஆர்கன்சாசோடு கதை முடியவில்லை. லூயிசியானா மாநிலத்தின் இதேபோன்ற சட்டத்தை 1987-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் நீக்கியது. 'படைப்பு' என்ற சொல்லும் போய், 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற புதுப் பெயர் வந்தது. 2004-இல் பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பள்ளி வாரியம், இந்தக் கருத்தைச் சொல்லும் சிறு அறிக்கையை ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கச் சொன்னது. அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். பெற்றோர் பதினொரு பேர் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காகச் சாட்சி சொன்னவர்களில் இருவர் கத்தோலிக்கர்: உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர், இறையியலாளர் ஜான் ஹாட். எதிர்த்தரப்பின் முதன்மைச் சாட்சியான மைக்கேல் பீஹியும் கத்தோலிக்கரே என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2005 டிசம்பரில் பெற்றோர் தரப்பு வென்றது.

நம் நாட்டிலும் காற்று வேறு திசையிலிருந்து வீசுகிறது. 2018-இல் மத்திய இணையமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனாவதை யாரும் பார்க்கவில்லை, டார்வின் சொன்னது தவறு என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து அதை மறுத்தன. 2023-இல் மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதி எடுக்கப்பட்டதை எதிர்த்து 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டார்கள். பாடச்சுமையைக் குறைக்கவே என்று விளக்கம் தரப்பட்டது. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுக்காத பிள்ளை இனி அதைப் பள்ளியில் படிக்கவே மாட்டார்.

"நம்ம பள்ளிக்கூடம்தானே" என்ற கேள்விக்கு இப்போது வருவோம். நம் பள்ளிகளில் மற்றச் சமயப் பிள்ளைகளும் நிறையப் படிக்கிறார்கள். அவர்கள் வீடுகளிலும் உலகம் உண்டான வரலாறு இருக்கிறது. நம் அரசியல் சாசனத்தின் 28-ஆம் பிரிவு, அரசு ஏற்பு பெற்ற அல்லது உதவி பெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் பெற்றோர் இசைவின்றிச் சமயப் போதனையில் பங்கெடுக்க வைக்கக்கூடாது என்கிறது. எண்ணிக்கையில் சிறியவர்களான நம்மைக் காக்கிற வேலி அது. அறிவியல் வகுப்பில் எங்களுக்கும் சம இடம் வேண்டும் என்று நாம் கேட்கத் தொடங்கினால், வேறு இடங்களில், நம் பிள்ளைகள் நான்கைந்து பேராக உட்கார்ந்திருக்கிற வகுப்புகளில், அதே கோரிக்கையைப் பிறர் எழுப்பும்போது எந்த முகத்தோடு மறுப்போம்?

ஆர்கன்சாஸ் பெற்றோரின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. பிள்ளையின் விசுவாசம் கைநழுவுகிறதே என்று பயந்தவர்கள் அவர்கள். அந்தப் பயம் நம் வீடுகளிலும் உண்டு. ஆனால் அவர்கள் அந்தப் பொறுப்பை அரசிடமும் அறிவியல் ஆசிரியரிடமும் கொடுத்தார்கள். நம் பங்கில் மறைக்கல்விக்கு வாரத்தில் ஒரு மணி நேரம். அதிலும் டியூஷன் இருக்கிறது, சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்திவிடுகிறோம். கேள்வி பிறக்கிற அதே ஆண்டில்!

தேர்வில் பரிணாமம் பற்றிக் கேட்டால் பிள்ளை புத்தகத்தில் உள்ளதை முழு மனத்தோடு எழுதட்டும். பக்கத்திலுள்ள மரபியல் பாடத்தையும் காட்டுங்கள். அது பட்டாணிச் செடியோடு தொடங்கும். அந்தச் செடிகளை வளர்த்த மெண்டல், புனித அகுஸ்தினார் சபைத் துறவி. அன்று இரவு குடும்பச் செபத்திற்குப் பிறகு விவிலியத்தை எடுத்துத் தொடக்க நூலின் முதல் இரண்டு அதிகாரங்களையும் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பிறகு மனிதர் வருகிறார். இரண்டாம் அதிகாரத்தில் முதலில் மனிதர், பிறகுதான் விலங்குகள். விவிலியத்தைத் தொகுத்த பெரியவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும், தெரிந்தும் ஏன் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்கள் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். வாசித்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. பேச்சு அதற்குமேல் நீண்டால் அந்தக் கேள்வியோடு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்பிவையுங்கள்.